தேதி மாறினால் மறுபடியும் எழுத வேண்டும்

இன்று காலை பதுளையில் ஒரு பாடசாலையின் பழைய ஜன்னல்களைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டும்போது அந்தப் பழைய எண்ணெய்ப் பெயின்டிலிருந்து ஒரு வாசனை வரும், உனக்குத் தெரியும். நனைந்த துருவும் ஊறிய சுண்ணாம்பும் கலந்த மாதிரி. வாசலில் ஒட்ட வேண்டிய, அடுத்த கட்டட வேலைக்கான அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ பின்னால் நிற்கிறாய் என்றே நினைத்துத் திரும்பிவிட்டேன். நின்றவர் பெயின்ட் வேலைக்காரர்களுக்குத் தலைவரான முனியாண்டி பாஸ்.

"யாரத் தேடுறீங்க மிஸ்?"

"யாரையும் இல்ல பாஸ்."

"அந்த மிஸ் இருந்தப்ப இந்த வாசன வந்தாலே ஒரு சத்தம் போடுவாங்க, மூஞ்சில மாஸ்க் எங்கன்னு. பயலுக கப்சிப்னு ஆயிருவானுங்க. அவங்க மாதிரி இனி வராது மிஸ்."

நான் அறிவிப்பை ஒட்டினேன். நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. உன் மேசை என்னிடம் இருக்கிறது, உன் வெள்ளைத் தலைக்கவசம் என்னிடம் இருக்கிறது, பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று அச்சடித்த இடத்துக்கு மேலே என் கையெழுத்து இருக்கிறது. ஆனாலும் வேலைத்தளங்களில் நீதான் 'அந்த மிஸ்'. நான் வெறும் 'மிஸ்'. செத்துப்போனவள் மீது பொறாமைப்பட முடியுமா என்று அங்கே யாராவது கேட்டால் என்னைக் காட்டு. முடியும்.

உனக்கு இதெல்லாம் புதிதில்லை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பக்கம், வரிசை வீடுகளான நம் லயத்தில் நான்காம் காம்பரா உன்னுடையது, ஐந்தாம் காம்பரா என்னுடையது. இடையில் ஒரு சுவர். நீ பாடம் படிக்கும் சத்தம் இந்தப் பக்கம் கேட்கும், "கேக்குதா, அவ வாசிக்கிறது கேக்குதா?" என்று அம்மா என் தலையில் குட்டுவாள். பதுளைக்குப் பாடசாலை போகும் பஸ்ஸில் கண்டக்டர் உன் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். என் பை என் தோளிலேயே தொங்கும். சாதாரணதரப் பரீட்சையில் நீ எடுத்த புள்ளியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

ஆனால் ஒன்று மட்டும் என்னுடையது. வேலை. இந்தக் கட்டட ஒப்பந்தக்காரரிடம் முதலில் வேலைக்குச் சேர்ந்தது நான். அலுவலகத்தில் தட்டச்சு, கடிதம், கோப்பு எல்லாம் நான் ஒருத்திதான் பார்த்தேன். ஒரு வருஷம் கழித்து இன்னொருத்தி வேண்டும் என்று முதலாளி சேர் கேட்டபோது, "எங்க லயத்துப் பிள்ள சேர், நல்லா சிங்களம் பேசும்" என்று உன்னைக் கூட்டிவந்ததும் நான்தான். மூன்று மாதம் போகவில்லை, சேர் அறைக் கதவைத் திறந்ததும் முதலில் உன் மேசையைத்தான் பார்க்கத் தொடங்கினார்.

தோட்டங்களில் இருந்த பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் திட்டம் வந்தபோது கூடவே பாதுகாப்பு நிபந்தனைகள் அடங்கிய ஒரு கடதாசிக் கட்டும் வந்தது. எனக்கு அது இன்னொரு கோப்பு. நீதான் இரண்டு நாள் உட்கார்ந்து வரிவரியாக வாசித்தாய். பழைய பெயின்டில் ஈயம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால், சுரண்டத் தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும்: எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை பேர் வேலை செய்வார்கள், தூசு பறக்காமல் இருக்க என்ன செய்வார்கள். மாவட்ட அலுவலகத்துக்கு ஒன்று, தோட்டத்தை நடத்தும் துரைக்கு ஒன்று, பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒன்று. தேதி மாறினால் மறுபடியும் எழுத வேண்டும்.

"இத்தன கடதாசி எதுக்குடி? மாஸ்க் போட்டுச் சொரண்டினா போதாதா?" என்று கேட்டேன்.

"சொரண்டுறவன் தெரிஞ்சுதான் சொரண்டுறான். பக்கத்துல துணி காயப்போடுறவளுக்குத் தெரியாதுல்ல. அவளுக்குத்தான் இந்தக் கடதாசி."

முதல் வேலைத்தளத்தில் எல்லாரையும் கூட்டி, ஒரு கதவு நிலையைக் கத்தியால் கீறி, மருந்து நனைத்த குச்சியால் தேய்த்துக் காட்டினாய். குச்சியின் நுனி இரத்தம் மாதிரிச் சிவந்தது. "இதுதான் ஈயம். பெரியவங்களுக்கு வயித்து வலி, கை நடுக்கம், தலையிடி. சின்னப் பிள்ளைங்களுக்கு மூளைய மந்தமாக்கிடும். சத்தமில்லாம. வேல செஞ்ச சட்டையோட வீட்டுக்குப் போய் பிள்ளயத் தூக்காதீங்க" என்றாய். முனியாண்டி பாஸ் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். எல்லாரும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை ஒருநாளும் யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் நடந்ததை நாம் இரண்டு பேரும் அதன் பிறகு ஒருதரம்கூடப் பேசவில்லை. நீ பேசவிடவில்லை. இப்போது நீ தடுக்க முடியாது.

பசறைப் பக்கத் தோட்டம். மூடிக்கிடந்த பழைய ஸ்டோரை, அந்தத் தேயிலைத் தொழிற்சாலையை, திருத்தித் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி நிலையமாக்கும் வேலை. தேயிலை அரைத்த காலத்து ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் மேலுக்கு மேல் பூசிய பச்சைப் பெயின்ட் ஏழெட்டுத் தட்டு. குச்சி வைத்த இடமெல்லாம் சிவந்தது. அதற்கு நேர் கீழே, முப்பது அடி தள்ளிப் பிள்ளைக்காம்பரா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். சுரண்டுகிற நாட்களில் குழந்தைகளை மேலே மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கு மாற்றுவது என்று துரையிடமும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மாவிடமும் பேசி முடித்திருந்தாய். திங்கட்கிழமை தொடக்கம். மூன்று அறிவிப்பும் ஒரு கிழமைக்கு முன்பே, முழுதாக ஏழு நாள் இருக்கும்போதே, போய்விட்டன. நான்தான் அடித்தேன், நீ கையெழுத்துப் போட்டாய்.

அந்தத் திங்களுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை நீ பண்டாரவளையில் வேறொரு வேலைத்தளத்தில் இருந்தாய். அன்று காலைதான் சேர் என்னைக் கூப்பிட்டு, கொழும்பில் இரண்டு கிழமைப் பயிற்சிக்கு உன் பெயரை அனுப்பச் சொன்னார். அந்தப் பயிற்சிக்கு நான் இரண்டு மாதத்துக்கு முன்பே கேட்டிருந்தேன். "ஒங்களுக்கு எதுக்கு சாந்தி, நீங்க ஆபீஸ் வேலதானே?" என்றார். உன் பெயரை நானே தட்டச்சு செய்தேன். மத்தியானம் மறுபடி கூப்பிட்டார். இன்னொரு இடத்தில் மழையால் வேலை நின்றுவிட்டது, ஆட்கள் சும்மா இருக்கிறார்கள், பழைய ஸ்டோரை வியாழக்கிழமையே தொடங்கட்டும் என்றார்.

உனக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"அய்யோ, தேதி மாறிச்சின்னா மறுபடி எழுதணும்டி. இப்பவே அடிச்சு, எனக்காக ஒரு கையெழுத்தப் போட்டு அனுப்பு. பிள்ளைக்காம்பராக் கடிதத்த பசறை பஸ்ஸுல குடுத்துவிடு. ஆயாம்மாகிட்ட போன்லயும் ஒரு வார்த்த சொல்லிரு. தண்ணி ட்ரம்மும் பொலித்தீனும் நான் வியாழக்கிழம காலைல கொண்டாந்திருவேன், அதுவரைக்கும் கை வைக்க வேணாம்னு முனியாண்டி பாஸ்கிட்டயும் சொல்லு. சரியா? நீ இல்லாட்டி நான் என்னடி செய்வேன்!"

மூன்று கடிதமும் அடித்தேன். உறையில் போட்டேன். ஒட்டினேன். பிறகு மேசை டிராயரைத் திறந்து உள்ளே வைத்து மூடினேன். யாருக்கும் போன் எடுக்கவில்லை.

குழந்தைகளை நினைக்கவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. நினைத்தேன். ஒருநாள் தூசு, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். கடிதத்தில் இருப்பது உன் பெயர், தவறினால் அது உன் தவறு, ஒரே ஒருதரம் சேர் உன்னைப் பார்த்து முகம் சுளிக்கட்டும் என்று நினைத்தேன். புதன்கிழமை முழுவதும் அந்த டிராயர் என் முழங்காலுக்கு மேலேயே இருந்தது. எத்தனையோ பஸ் பசறைக்குப் போயிற்று.

வியாழக்கிழமை காலை நீ பண்டாரவளையிலிருந்து முதல் பஸ்ஸில் நேரே அலுவலகத்துக்கு வந்தாய். பொலித்தீன் சுருளைத் தூக்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டே கேட்டாய், "பிள்ளைங்கள மாத்தியாச்சாடி?"

"சொல்லிட்டேன்."

நீ நம்பினாய். நம்பியதால்தான், மண்டபத்தில் பாய் போதுமா என்று கேட்க ஆயாம்மாவுக்குப் போன் எடுத்தாய். அவர் குரல் எனக்கே கேட்டது.

"என்ன மண்டபம் மிஸ்? திங்கக்கெழமன்னுதானே சொன்னீங்க? பிள்ளைங்கெல்லாம் இங்கதான் இருக்கு. மேல என்னமோ சொரண்டுறாங்க, காலைலருந்து ஒரே தூசி. கதவச் சாத்தினா பிள்ளைங்க கத்துதுங்க."

நீ போனைக் கீழே இறக்கினாய். என்னைப் பார்த்தாய். நீ திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். "ஏறு" என்றாய், அவ்வளவுதான். ஏறினேன். பசறை ரோட்டின் வளைவுகளில் ஆட்டோ சாய்ந்து சாய்ந்து போன அந்த நேரம் முழுவதும் உன் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது.

வேலை ஏழு மணிக்கே தொடங்கியிருந்தது. ஏணியில் மூன்று பேர் வெறும் தகட்டால் காய்ந்த பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். காற்று கீழ்நோக்கி அடித்தது. பிள்ளைக்காம்பராவின் கொடியில் காய்ந்த துணிகளின் மேல், படிக்கட்டில், பால் காய்ச்சும் அடுப்பு மேடையில், எங்கும் பச்சையாக மெல்லிய மாவு. உன் முகமூடியைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு நீ சால்வையால் மூக்கைக் கட்டிக்கொண்டு மேலே ஓடினாய்.

"நிறுத்துங்க! எல்லாரும் எறங்குங்க!"

முனியாண்டி பாஸ் ஏணியிலிருந்தே சொன்னார், "சேர்தான் ஆரம்பிக்கச் சொன்னாரு மிஸ். ஒங்ககிட்டருந்து ஒரு தகவலும் வரலியே."

"சேர்கிட்ட நான் பேசிக்கிறேன் பாஸ். கீழ பாருங்க. அங்க இருக்கிறதுல ஒண்ணு ஒங்க மகளோட பிள்ளையா இருந்தா சொரண்டுவீங்களா?"

அவர் கீழே பார்த்தார். தகட்டைக் கீழே வைத்தார்.

பிறகு நாம் குழந்தைகளைத் தூக்கினோம். நீ, நான், ஆயாம்மா, ஏணியிலிருந்து இறங்கிக் கைகால் கழுவிச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்த அந்த மூன்று பேர். மண்டபத்துக்கு ஏறும் படிகள் எத்தனை என்று தெரியாது, மூச்சு வாங்கியது தெரியும். என் இடுப்பில் ஒன்றேகால் வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை. அழவில்லை. எதையோ மென்றுகொண்டிருந்தது. வழியில் நின்று அதன் வாய்க்குள் விரலை விட்டேன். நகம் அளவு ஒரு பச்சைச் செதில் வந்தது. அது இனிக்கும் என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். அதனால்தான் குழந்தைகள் துப்புவதில்லை என்றும் சொல்லியிருந்தாய். இன்னும் இருக்கிறதா என்று ஈறெல்லாம் தடவித் தடவிப் பார்த்தேன். அப்போதுதான் அந்தக் குழந்தை அழுதது.

மத்தியானத்துக்குள் செய்தி மலைக்கு எட்டி, தாய்மார் கொழுந்துக் கூடையோடேயே ஓடிவந்தார்கள். நீ அவர்கள் நடுவில் நின்று, என்ன நடந்தது, என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாய். ஒன்றைத் தவிர. தோட்டத்து லொறியில் எல்லாக் குழந்தைகளையும் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை நான் சாப்பிட்டது எதுவும் ருசிக்கவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. இரண்டு குழந்தைகளுக்கு மட்டும் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள், அதுவும் நல்லபடியாக முடிந்தது.

அன்று சாயங்காலம் அலுவலகத்தில் சேர் உன்னை நிற்கவைத்துக் கேட்டார். மாவட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்திருந்தது. "தேதி மாறினத ஏன் அறிவிக்கல? இது ஒங்க பொறுப்புத்தானே?"

"ஆமா சேர். தப்பு எங்கிட்டதான்."

எழுத்திலும் அப்படியே கொடுத்தாய். கடதாசியில் ஒரு சொல்கூடப் பிசகக் கூடாது என்று எல்லாரையும் வாட்டியெடுத்தவள் நீ. உன் கையால் எழுதிய ஒரே பொய் அதுதான். எனக்காக.

சேர் போன பிறகு உறை தேடி என் டிராயரைத் திறந்தாய். தேடித்தான் திறந்தாயோ என்னவோ. மூன்று கடிதமும் மேலேயே இருந்தன. எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாய்.

"ஏன்டி?"

நான் டிராயரை இழுத்து மூடினேன்.

"சரி, கேக்கல. ஆனா இன்னொரு தடவ தேதி மாறிச்சின்னா, எம்மேல எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் மொதல்ல கடதாசிய அனுப்பு. அனுப்பிட்டு வந்து என்னைய அடி."

அழுதேன். நீ முதுகில் தட்டினாய். நான் எதற்காக அழுதேன் என்று நீ நினைத்தாயோ தெரியாது. குற்ற உணர்ச்சி இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கும் அடியில், உன்னை ஒரு படி கீழே இறக்கப் போனவளை நீ மன்னித்து இன்னும் நாலு படி மேலே ஏறி நின்றுவிட்டாயே என்ற எரிச்சல்தான் இருந்தது. நீ என்னை அறைந்திருந்தால் நாம் சமமாகியிருப்போம்.

கொழும்புப் பயிற்சியை சேர் எனக்கு மாற்றிக் கொடுத்தார். நீ வீட்டிலிருந்து உன் பெட்டியைக் கொண்டுவந்து தந்தாய். "அங்க புழுங்கும்டி, பருத்திச் சேலையா எடுத்துட்டுப் போ" என்றாய். இரண்டு கிழமை உன் பெட்டியோடு உன் இடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தேன். திரும்பி வந்தால், வேலைத்தளத்தில் ஆட்கள் உன்னைச் சுற்றித்தான் நின்றார்கள்.

போன வருஷம் உனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்றே நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்று யார் கண்டார்கள். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்து அந்தக் கடிதங்களைப் பற்றிப் பேச்செடுக்கப் பார்த்தேன். "பள்ளிக்கூட வேலைக்கு அறிவிப்பு போயிருச்சா?" என்று நீ கேட்டாய். போய்விட்டது என்றேன். அந்தமுறை உண்மை. கண்ணை மூடிக்கொண்டாய்.

உன் சாவுக்கு வந்த கூட்டம் லயத்து வாசலில் கொள்ளவில்லை. பெயின்ட் வேலைக்காரர்கள், தோட்டத்துக் கணக்கப்பிள்ளைகள், பதுளைக் கடைத்தெருவில் நாம் பொலித்தீன் வாங்கும் முஸ்லிம் கடைக்கார நானா, யாரென்றே தெரியாத பெண்கள். நான் உன் தலைமாட்டில் அழுதுகொண்டே ஆட்களை எண்ணினேன். என் சாவுக்கு இதில் பாதி வருமா என்று. இப்படியும் ஒரு பிறவியா என்று நீ சிரிப்பாய். சிரி.

இப்போது தேதி மாறினால் அன்றைக்கே எழுதுகிறேன். மழை வந்தாலும், ஆள் குறைந்தாலும், ஒருநாள் தள்ளினாலும் எழுதுகிறேன். பக்கத்துக் காம்பராக்களுக்கு நானே நடந்துபோய் வாசித்துக் காட்டுகிறேன். உன்னைவிட நன்றாகச் செய்கிறேன் என்று ஒருத்தராவது சொல்லமாட்டார்களா என்றுதான் செய்கிறேன். எதற்காகச் செய்தால் என்ன, தூசுக்கு அது தெரியாது.

இதையெல்லாம் எழுத வைத்தது இன்றைய வாசனை மட்டுமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பசறையில் பஸ்ஸுக்கு நின்றேன். சந்தைப் பையோடு ஒரு பெண் என்னையே உற்றுப் பார்த்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏழு வயதுச் சிறுமி.

"மிஸ், பழைய ஸ்டோர்ல பெயின்ட் சொரண்டினப்ப வந்தது நீங்கதானே?"

"ஆமா."

"இவதான் மிஸ்! அன்னிக்கு நீங்க இடுப்புல தூக்கிட்டு நின்னீங்களே, நான் ஓடியாந்து வாங்கினேனே, இவதான். இப்ப ரெண்டாம் வகுப்பு. வாய மூடமாட்டா. அன்னிக்கு நீங்க மட்டும் வந்து நிறுத்தலன்னா எம்புள்ள என்ன ஆயிருக்கும்!"

தூக்கியது நான். நிறுத்தியது நீ. நிறுத்த வேண்டி வந்ததற்குக் காரணமும் நான்.

"அன்னிக்கு இருந்த பதட்டத்துல பேரக்கூட கேக்கல மிஸ். இவ அப்பா இன்னும் ஏசுவாரு. ஒங்க பேரு என்ன மிஸ்?"

உன் பெயரைச் சொன்னேன். உன் அப்பாவின் முதலெழுத்தோடு சேர்த்து முழுப் பெயர்.

அவள் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மாரியம்மனுக்கு வெளக்கு வைப்பேன் மிஸ். இனி ஒங்க பேரச் சொல்லியே வேண்டிக்கிறேன். நோய்நொடி இல்லாம நூறு வயசு இருக்கணும் நீங்க."

பஸ் வந்தது. ஏறினேன். நன்றி உரியவளுக்கே போய்ச் சேரட்டும் என்றுதான் உன் பெயரைச் சொன்னேன் என்று வளைவுக்கு வளைவு எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். பதுளை வந்து இறங்கும்போது அது பொய் என்று தெரிந்துவிட்டது. அந்த ஒரு நிமிடம் நீயாக நின்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

நேற்று வெள்ளிக்கிழமை. அவள் விளக்கு வைத்திருப்பாள். நீ நூறு வயது வாழ வேண்டும் என்று அந்தத் தோட்டத்தில் ஒருத்தி இனி ஒவ்வொரு கிழமையும் வேண்டிக்கொண்டிருப்பாள். செத்து ஒன்பது மாதம் ஆன உனக்கு அது கிடைத்திருக்கிறது. உயிரோடு இருக்கும் எனக்கு, என் பெயரைச் சொல்லி அப்படி வேண்ட யாரும் இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் உன்மேல் பொறாமையாக இருக்கிறதடி.